வெப்பநிலை டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டை அமைப்பது எப்படி: 240 டிகிரி ஏன் 180 ஆகத் தெரிகிறது?

கேள்வி சுருக்கமாக இது. துணி பதனிடும் ஆலை ஒன்றில் துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரங்களுக்குச் சூடு கொடுக்கும் தெர்மிக் எண்ணெய் ஹீட்டரின் வெளிவழிக் குழாயில் இருந்த பழைய வெப்பநிலை டிரான்ஸ்மிட்டர் (சென்சார் அளப்பதை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் கருவி) பழுதாகிவிட்டது. அதற்குப் பதிலாக, ஹார்ட் வசதியுள்ள, அதாவது அதே வயர்கள் வழியாகவே பேசி அமைப்புகளை மாற்றக்கூடிய, புதிய டிரான்ஸ்மிட்டரை மாட்டியிருக்கிறார்கள். சென்சார் பழையதுதான்: வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும், மூன்று வயர் கொண்ட பி.டி.100. டிரான்ஸ்மிட்டரின் தலையில் உள்ள சிறு திரை 240 டிகிரி காட்டுகிறது. கட்டுப்பாட்டு அறையில் பர்னரை நிரல்படி இயக்கும் கணினியான பி.எல்.சி.யின் திரை 180 டிகிரி காட்டுகிறது. பி.எல்.சி. நிரலில் 60 டிகிரியைக் கூட்டிவிடலாமா, சென்சார் அறுந்தால் வெளியீடு எந்தப் பக்கம் போக வேண்டும், டேம்பிங் (வெளியீட்டின் துள்ளலைத் தணிக்கும் தாமதம்) எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பதிலில் வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். 60ஐக் கூட்டாதீர்கள், இந்த வேறுபாட்டைச் சரிசெய்யும் வரை பர்னரைத் தானியங்கிக் கட்டுப்பாட்டில் ஓடவிடாதீர்கள். நீங்கள் தந்த இரண்டு எண்களிலிருந்தே காரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பழைய டிரான்ஸ்மிட்டர் 0 முதல் 300 டிகிரி வரை என அமைக்கப்பட்டிருந்தது, பி.எல்.சி.யும் அதே கணக்கில்தான் இன்றும் படிக்கிறது. புதிய டிரான்ஸ்மிட்டர் 0 முதல் 400 வரை என அமைந்திருந்தால், 240 டிகிரியில் அது அனுப்பும் மின்னோட்டம் 4 + 16 × 240 ÷ 400, அதாவது 13.6 மில்லிஆம்பியர். அந்த 13.6ஐ 0–300 என்ற கணக்கில் படித்தால் கிடைப்பது சரியாக 180. ஆகவே சென்சார் கெட்டுப்போகவில்லை, டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போகவில்லை, பி.எல்.சி. கார்டும் கெட்டுப்போகவில்லை. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் வெவ்வேறு அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

60ஐக் கூட்டினால் ஏன் தீராது என்பதும் இதே கணக்கில் தெரியும். எண்ணெய் 120 டிகிரியில் இருக்கும்போது பி.எல்.சி. 90 காட்டும், அப்போது பிழை 30 மட்டுமே. 300 டிகிரியில் அது 225 காட்டும். அப்போது பிழை 75. நீங்கள் 60ஐக் கூட்டியிருந்தால், எண்ணெய் உண்மையில் 300ஐத் தொட்டிருக்கும்போது திரை 285 என்று சொல்லும். கூட்டாமல் இப்படியே விட்டாலோ நிலைமை இன்னும் மோசம்: 240க்கு இலக்கு வைத்தால், திரையில் 240 வரும் வரை பர்னர் எரியும், அந்த நேரத்தில் எண்ணெயின் உண்மையான வெப்பநிலை 320. கனிம எண்ணெய் வகையைச் சேர்ந்த பல தெர்மிக் எண்ணெய்களுக்குத் தயாரிப்பாளர் விதிக்கும் மேல்வரம்பு 300ஐ ஒட்டியே இருக்கும். அதைத் தாண்டிச் சுட்டால் எண்ணெய் சிதைந்து, குழாய்ச் சுருளின் உட்சுவரில் கரி படியும். எண்ணெயின் தீப்பற்றும் வெப்பநிலையும் இறங்கும். ஓர் அளவெல்லைத் தவறு இவ்வளவு தூரம் போகும் என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

இனி, வெளியீட்டு அமைப்பு என்றால் என்ன என்பதற்கு வருவோம். 4 மில்லிஆம்பியர் எந்த வெப்பநிலையைக் குறிக்கிறது, 20 மில்லிஆம்பியர் எந்த வெப்பநிலையைக் குறிக்கிறது என்ற இரண்டு எண்களும்தான் அதன் அடித்தளம். டிரான்ஸ்மிட்டரோடு பேசும் கையடக்கக் கருவியான ஹார்ட் கம்யூனிகேட்டரின் மெனுவில் முதலாவதை எல்.ஆர்.வி. என்றும் இரண்டாவதை யு.ஆர்.வி. என்றும் பார்ப்பீர்கள். இவற்றை எல்.ஆர்.எல்., யு.ஆர்.எல். என்ற இன்னொரு இணையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை அந்தச் சென்சார் வகைக்கு டிரான்ஸ்மிட்டர் அளக்கவல்ல கடைசி எல்லைகள், நாம் மாற்றக்கூடியவை அல்ல. தலையில் உள்ள சிறு திரை பெரும்பாலும் சென்சாரிலிருந்து நேரடியாகக் கணக்கிட்ட டிகிரியையே காட்டும், அதற்கும் எல்.ஆர்.வி., யு.ஆர்.வி.க்கும் தொடர்பில்லை. அதனால்தான் உங்கள் திரை சரியாகவும் கட்டுப்பாட்டு அறை தவறாகவும் காட்டுகின்றன.

உங்கள் ஹீட்டருக்கு எந்த அளவெல்லை சரி? 0–300ஐயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. பி.எல்.சி. நிரல், பதிவுக் கருவி, அலாரம் வரம்புகள், ஆலையில் உள்ள ஆவணங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கின்றன. மாற்ற வேண்டியது புதிதாக வந்த ஒரே ஒரு கருவியைத்தான். உங்கள் டிரிப் வரம்பு (பர்னர் தானாக நிற்க வேண்டிய வெப்பநிலை) 280 என்று எழுதியிருக்கிறீர்கள், அது 18.93 மில்லிஆம்பியரில் வருகிறது, எல்லைக்குள் வசதியாக இருக்கிறது. டிரிப் வரம்பு 295 என்று இருந்திருந்தால் 0–350க்கு மாறச் சொல்லியிருப்பேன், ஆனால் அப்போது பி.எல்.சி.யையும் அதே நாளில், அதே கையால் மாற்ற வேண்டும்.

துல்லியம் கூடும் என்று நம்பி 200–300 என்று எல்லையைக் குறுக்குகிறவர்கள் உண்டு. வெளியீட்டுப் பகுதியின் பிழை வீச்சின் (கீழ், மேல் எல்லைகளுக்கு இடைப்பட்ட அளவின்) விழுக்காடாகச் சொல்லப்படுவதால், வீச்சு குறைந்தால் அந்தப் பிழை குறையும் என்பது உண்மைதான். ஆனால் பி வகுப்பைச் சேர்ந்த பி.டி.100 சென்சாருக்கு ஐ.இ.சி. 60751 தரநிலை அனுமதிக்கும் விலகல், 0.3 + 0.005 × வெப்பநிலை என்ற சூத்திரப்படி, 240 டிகிரியில் கூட்டியோ குறைத்தோ 1.5 டிகிரி. சென்சாரிலேயே 1.5 டிகிரி தளர்வு இருக்கும்போது, வெளியீட்டில் அரை டிகிரியைச் சேமிப்பதற்காக, ஹீட்டர் குளிர்ந்த நிலையிலிருந்து 200 டிகிரி வரை ஏறும் முழு நேரமும் கட்டுப்பாட்டு அறையைக் குருடாக்குவது நல்ல பேரம் அல்ல. துல்லியம்தான் வேண்டுமென்றால் ஏ வகுப்புச் சென்சார் வாங்குங்கள். அதே வெப்பநிலையில் அதன் விலகல் 0.63 டிகிரி.

அடுத்தது, சென்சார் அறுந்தால் என்ன நடக்க வேண்டும் என்பது. இந்த ஒரு தேர்வை மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டுவிடக் கூடாது. தொழிற்சாலைக் கருவிகளைப் பயன்படுத்துவோரின் சங்கமான நாமூர் அமைப்பின் என்.இ.43 பரிந்துரைப்படி, 3.8 முதல் 20.5 மில்லிஆம்பியர் வரை உள்ளது அளவீட்டுத் தகவல், 3.6ம் அதற்குக் கீழும், 21ம் அதற்கு மேலும் உள்ளது பழுதுத் தகவல். சென்சார் அறுந்தால் டிரான்ஸ்மிட்டர் தன் வெளியீட்டைக் கீழே தள்ள வேண்டுமா மேலே தள்ள வேண்டுமா என்பதை நாம் தேர்ந்தெடுக்கிறோம். சூடாக்கும் கட்டுப்பாட்டில் மேலே தள்ள வேண்டும். கீழே தள்ளினால் 3.6 மில்லிஆம்பியரை 0–300 கணக்கில் பி.எல்.சி. மைனஸ் 7.5 டிகிரி என்று படிக்கும். எண்ணெய் குளிர்ந்துவிட்டது என்று நினைத்து பர்னரை முழுத் தீயில் வைக்கும். குளிரூட்டும் அமைப்பில் நிலைமை நேர் எதிர். ஆகவே மேலேதான் என்று மனப்பாடமாக வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு லூப்பிலும் (கட்டுப்பாட்டுச் சுற்றிலும்) எந்தப் பக்கம் ஆபத்து என்று கேட்டுவிட்டு அமைக்க வேண்டும்.

இதை நான் ஒருமுறை கண்ணால் பார்த்தேன். வேறோர் ஆலையில், கீழே தள்ளும்படி அமைந்த டிரான்ஸ்மிட்டர் ஒன்றின் முனையத்தில், பம்ப்பின் அதிர்வினால் சென்சார் வயர் ஒன்று தளர்ந்துவிட்டது. நிரல் எழுதியவர் எதிர்மறை எண்களைச் சுழியமாக்கியிருந்ததால் திரை அமைதியாக 0 என்று காட்டியது. பர்னரின் ஒலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. குழாயில் தனியாகப் பொருத்தியிருந்த, பி.எல்.சி.யோடு எந்தத் தொடர்பும் இல்லாத மேல்வரம்புத் தெர்மோஸ்டாட்தான் அன்று பர்னரை நிறுத்தியது. மூடியைத் திறந்தபோது அந்த வயர் திருகுக்குப் பக்கத்திலேயே, தொட்டும் தொடாமலும் நின்றுகொண்டிருந்தது. உங்கள் ஹீட்டரிலும் அத்தகைய தனித் தெர்மோஸ்டாட் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்பதை இந்த வேலையோடு சேர்த்துப் பாருங்கள்.

மேலே தள்ளும்படி அமைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கவும் முடியாது. டிரான்ஸ்மிட்டரின் அந்த அமைப்பு, சென்சார் பக்கம் நேரும் பழுதை மட்டுமே பார்த்துக்கொள்ளும். டிரான்ஸ்மிட்டருக்கும் பி.எல்.சி.க்கும் இடையே உள்ள கேபிள் அறுந்தால், டிரான்ஸ்மிட்டர் எப்படி அமைக்கப்பட்டிருந்தாலும் பி.எல்.சி.க்கு வருவது 0 மில்லிஆம்பியர்தான். ஆகவே இரண்டு பக்கமும் பழுதாகக் கருதப்பட வேண்டும் என்று நிரலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சீமென்ஸ் பி.எல்.சி.யில் 4 மில்லிஆம்பியர் 0 என்றும் 20 மில்லிஆம்பியர் 27648 என்றும் வரும். அந்தக் கணக்கில் 21 மில்லிஆம்பியர் 29376, 3.6 மில்லிஆம்பியர் மைனஸ் 691. மூல எண்ணை முதலில் இந்த இரு எல்லைகளோடு ஒப்பிட்டு, அவற்றை எட்டினாலோ தாண்டினாலோ பர்னரை நிறுத்தி அலாரம் எழுப்பிவிட்டு, அதன் பிறகே அதை டிகிரியாக மாற்ற வேண்டும். முதலிலேயே 0–27648க்குள் அடக்கிவிட்டு மாற்றினால் பழுது என்ற தகவலே அழிந்துவிடும். இன்னொன்று: சில டிரான்ஸ்மிட்டர்களில் கீழ்ப்பக்க அலாரம் 3.75 மில்லிஆம்பியரிலும் அமைக்கப்பட்டிருக்கும். மெனுவில் நாமூர் என்ற தேர்வை எடுத்தால்தான் 3.6க்கு இறங்கும். பி.எல்.சி. 3.6ஐ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போது டிரான்ஸ்மிட்டர் 3.75 அனுப்பினால், பழுதைப் பழுதென்று யாரும் உணரமாட்டார்கள்.

மேல்பக்க அலாரத்துக்கு மின்னழுத்தம் போதுமா என்பதையும் கணக்கிட வேண்டும். இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தை லூப்பிலிருந்தே, அதாவது வெளியீட்டைச் சுமக்கும் அதே இரண்டு வயர்களிலிருந்தே, எடுத்துக்கொள்கிறது. அதன் முனையங்களில் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 24 வோல்ட் சப்ளையில் மீதி 12 வோல்ட். 22 மில்லிஆம்பியரில் அந்த 12 வோல்ட்டைத் தின்று தீர்க்க 545 ஓம் போதும். கார்டின் 250 ஓம், ஹார்ட்டுக்காகச் சேர்த்த இன்னொரு 250 ஓம், நீளமான கேபிள் என்று கூட்டிக்கொண்டே போனால், சாதாரண நாட்களில் எல்லாம் சரியாக ஓடும். சென்சார் அறுந்த நாளில் மட்டும் டிரான்ஸ்மிட்டர் 21ஐ எட்ட முடியாமல் திணறும். உங்கள் டிரான்ஸ்மிட்டரின் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச மின்னழுத்தத்தைப் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை செய்து பாருங்கள்.

டேம்பிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 5 நொடி டேம்பிங் என்றால், வெப்பநிலை திடீரென மாறும்போது 5 நொடியில் வெளியீடு அந்த மாற்றத்தில் 63 விழுக்காட்டை எட்டும்; ஏறக்குறைய முழுமையாக எட்ட 25 நொடி ஆகும். குழாய்க்குள் நீட்டியிருக்கும் காப்பு உறையான தெர்மோவெல்லுக்குள் இருக்கும் சென்சார் தானாகவே மெதுவாகத்தான் சூடேறும். அதன் மேல் இன்னொரு 20, 30 நொடி தாமதத்தைப் போட்டால் பர்னர் கட்டுப்பாடு ஊஞ்சலாடத் தொடங்கும். திரையில் எண் துள்ளுவதை மறைக்க டேம்பிங்கை ஏற்றுவது பலருக்குப் பழக்கமாக இருக்கிறது. துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் கேபிளின் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இரண்டு முனையிலும் எர்த் ஆகியிருப்பதோ தளர்ந்த முனையமோதான். 2 முதல் 5 நொடிக்குள் வைத்துவிட்டு, துள்ளினால் வயரிங்கைப் பாருங்கள்.

இனி வேலையைச் செய்யும் முறை. ஹார்ட் என்பது 4–20 மில்லிஆம்பியரின் மேல் ஏறிச் செல்லும் 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலி அலைவரிசைச் சைகை; அதன் சராசரி சுழியம் என்பதால் அளவீட்டைக் கெடுப்பதில்லை. ஆனால் அந்தச் சைகை நிற்பதற்கு லூப்பில் ஏறக்குறைய 250 ஓம் தடை வேண்டும். சில பி.எல்.சி. கார்டுகளின் உள்தடை மிகக் குறைவு; அப்போது கம்யூனிகேட்டர் டிரான்ஸ்மிட்டரைக் கண்டுகொள்ளவே செய்யாது, கருவி கெட்டுவிட்டதென்று நினைத்துவிடாமல் தொடராக ஒரு 250 ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். கம்யூனிகேட்டரை டிரான்ஸ்மிட்டரின் முனையங்களிலோ அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளிலோ இணைக்க வேண்டும். சப்ளையின் முனைகளில் இணைத்தால் பேசாது.

எதையும் எழுதுவதற்கு முன், ஷிப்ட் பொறுப்பாளரின் அனுமதியோடு பர்னர் கட்டுப்பாட்டைக் கைமுறைக்கு மாற்றி, இந்த அளவீட்டோடு கட்டப்பட்ட டிரிப்புகளுக்கு முறையான ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்; லூப்பைத் தானியங்கிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குங்கள் என்று கம்யூனிகேட்டரும் எச்சரிக்கும், அந்தத் திரையைப் படிக்காமல் தட்டிவிட்டுப் போகாதீர்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரில் இப்போது உள்ள எல்லா அமைப்புகளையும் படித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சென்சார் வகை பி.டி.100 தானா, வயர் எண்ணிக்கை மூன்று என்று இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு வயர் என்ற அமைப்போடு வரும் டிரான்ஸ்மிட்டர்கள் உண்டு. மூன்று வயர் சென்சாரை அதில் மாட்டினால் பழுது என்று அலாரம் காட்டும். இரண்டு வயர் என்று அமைத்துவிட்டாலோ அலாரம் வராது, ஆனால் வயரின் தடையும் வெப்பநிலையாகக் கணக்கில் ஏறிவிடும்: பி.டி.100இல் ஏறக்குறைய 0.385 ஓம் ஒரு டிகிரி என்பதால், 2 ஓம் வயர் தடை 5 டிகிரிப் பொய்யைச் சேர்த்துவிடும். அலகு செல்சியஸ் என்பதையும், பி.வி. என்ற முதன்மை மாறி சென்சாரோடு இணைந்திருக்கிறதே தவிர டிரான்ஸ்மிட்டரின் உள் வெப்பநிலையோடு அல்ல என்பதையும் உறுதி செய்யுங்கள். ஹார்ட் முகவரி 0 ஆக இருக்க வேண்டும்; பழைய ஹார்ட் பதிப்புகளில் வேறு முகவரி கொடுத்தால் வெளியீடு 4 மில்லிஆம்பியரிலேயே உறைந்து நிற்கும்.

இவை சரியென்றால் அலகு, எல்.ஆர்.வி. 0, யு.ஆர்.வி. 300, டேம்பிங், அலாரத் திசை என்ற வரிசையில் எழுதி, அனுப்பிய பிறகு மீண்டும் படித்துப் பாருங்கள். சில டிரான்ஸ்மிட்டர்களில் அலாரத் திசை மெனுவில் இல்லாமல், எலக்ட்ரானிக் பலகையில் உள்ள சிறு ஜம்பராலோ சுவிட்சாலோ அமைக்கப்படும். அப்படியானால் மூடியைத் திறந்து கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

அதன் பிறகு இரண்டு சோதனைகள், இரண்டும் வேண்டும். முதலாவது லூப் சோதனை: கம்யூனிகேட்டரிலிருந்து 4, 12, 20 மில்லிஆம்பியரை அனுப்பச் சொல்லி, தொடராக இணைத்த மல்டிமீட்டரில் அந்த எண்களும், பி.எல்.சி. திரையில் 0, 150, 300ம் வருகின்றனவா என்று பார்ப்பது, கூடவே 3.6ஐயும் 21ஐயும் அனுப்பி, பழுது அலாரம் எழுகிறதா என்று பார்ப்பது. இது டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டிலிருந்து பி.எல்.சி. வரை மட்டுமே சோதிக்கிறது, எல்.ஆர்.வி., யு.ஆர்.வி. தவறாக இருந்தாலும் இது தேறிவிடும். ஆகவே இரண்டாவது சோதனையில் சென்சாரைக் கழற்றி, அதன் இடத்தில் தடைப் பெட்டியையோ கேலிப்ரேட்டரையோ மூன்று வயரில் இணைத்து, 100.00 ஓம், 157.33 ஓம், 212.05 ஓம் கொடுங்கள். இவை முறையே 0, 150, 300 டிகிரி. தலையில் உள்ள திரை, மல்டிமீட்டர், கட்டுப்பாட்டு அறை மூன்றும் ஒத்துப்போனால்தான் அமைப்பு சரி. கடைசியாக ஒரு வயரைக் கழற்றி விடுங்கள். வெளியீடு 21க்கு மேல் ஏறி பர்னர் நிற்க வேண்டும்.

கருவியின் அடிப்படை அளவையே திருத்தும் டிரிம் என்ற மெனுவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 4.00 அனுப்பச் சொன்னபோது, நம்பகமான, சான்று பெற்ற மல்டிமீட்டர் 4.03 காட்டினால், அப்போது மட்டும் வெளியீட்டு டிரிம் செய்யலாம். பி.எல்.சி. திரை ஒத்துப்போகவில்லை என்பதற்காக டிரிம்மைத் தொட்டால், எல்லையில் உள்ள தவறு கருவியின் அடித்தளத்துக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். அடுத்து வருகிறவர் எல்.ஆர்.வி., யு.ஆர்.வி. சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நாள் முழுவதும் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். உங்கள் பிரச்சினைக்கு டிரிம் தேவையே இல்லை.

எல்லாம் ஒத்துப்போன பிறகு, சென்சார் முனையங்களை இறுக்கி, அமைப்புகளை யாரும் மாற்றி எழுதாதபடி தடுக்கும் சுவிட்சைப் போட்டு, மூடியை அதன் வளையத்தோடு இறுக மூடுங்கள். அமைத்த எண்களைத் தேதியோடு கருவிப் பதிவேட்டில் எழுதி, 0–300, மூன்று வயர், அலாரம் மேலே என்று ஒரு சிறு தகட்டில் பொறித்து டிரான்ஸ்மிட்டரின் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். அடுத்த முறை இந்தக் கருவியை மாற்றுகிறவர் உங்களைத் தேடிவர வேண்டியிருக்காது. கட்டுப்பாட்டைக் கைமுறையிலிருந்து தானியங்கிக்குத் திருப்பும்போது, முதல் ஒரு மணி நேரம் தலையில் உள்ள திரைக்கு அருகில் ஒருவரை நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.